தூண் எடுத்த இடம்

மண்ணாத்தான் இருக்கும். மண்ணு இல்லாம வேற என்ன, மேல இருந்து ஜீனியா கொட்டும்? பிஸ்தாமியோட கறுப்புத் தொப்பி மேல விழுந்துச்சு, நான் என் கண்ணால பார்த்தேன், அவன் தலையைக் கூட அசைக்கல. முதல் வரிசையில, ஹஜ்ரத்து ஏறி நின்னு ஓதுற மிம்பருக்கு நேர் எதிரே, தூண் எடுத்த இடத்துல சம்மணம் போட்டு உக்காந்திருக்கான் என் தம்பி. ஜமாஅத்துச் செயலாளர் இல்லையா, அந்த இடம் அவருக்குத்தான். நான் இங்கே நாலாவது வரிசையில, பழைய தூணுல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு அவன் பிடரியைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒருவேளை புறாவா இருக்கும். புறா எத்துன தூசியா இருக்கும். மேல புறா எங்கே இருக்கு, அதான் எல்லாத்தையும் வலை போட்டு விரட்டியாச்சே. அப்போ பெயிண்டுப் பொருக்கு. ஆமா, பெயிண்டுதான். அறுநூறு வருஷத்துக் கல்லுக்கு ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிக்கிற பெயிண்டை அடிச்சா அது பொருக்கு பொருக்காத்தான் உதிரும். ஃபேன் காத்துல பெயிண்டுப் பொருக்கு பறக்கும், மண்ணு நேரா விழும். இது நேராத்தான் விழுந்துச்சு. போதும் கலந்தர், வாயை மூடிக்கிட்டுக் கீழே பாரு, ஜும்ஆவுக்கு வந்தியா, விட்டத்தைப் பார்க்க வந்தியா.

பாங்கு சொல்ற மோதினார் எந்திரிச்சுட்டாரு. அசாக்கோலைக் கையில புடிச்சுக்கிட்டு, ஊரைப் பார்த்துத் திரும்பி, வாரா வாரம் சொல்றதை அதே ராகத்துல சொல்றாரு. கத்தீபு குத்பாப் பிரசங்கம் ஓதும்போது பக்கத்துல உள்ளவன்கிட்ட ‘சும்மா இரு’ன்னு சொன்னாக்கூட அது வீண்பேச்சுதான், காது கொடுத்துக் கேளுங்கன்னு. சின்ன வயசுல இருந்து கேட்டுக் கேட்டு, இந்த ராகம் காதுல விழுந்ததுமே நாக்கு தானா மடிஞ்சுக்கும். தும்மலைக்கூட அடக்கிக்குவோம். இந்த ஊரு ஆளுக கடையில உக்காந்து பேசுற பேச்சுக்குக் கடலே காதைப் பொத்திக்கும், ஆனா இந்த நேரத்துல ஒரு சத்தம் வராது. அசாக்கோல் கை மாறுது, கத்தீபு ஹஜ்ரத்து படி ஏறுறாரு, ஸலாம் சொல்றாரு, உக்காருறாரு, பாங்கு. சொல்றதா இருந்தா இப்போவே சொல்லியிருக்கணும். என்னன்னு சொல்ல? ‘தம்பி, தொப்பியில தூசி இருக்கு’ன்னா? அவன்கிட்ட நான் பேசி எத்தனை காலம் ஆச்சு. பெருநாளைக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கட்டிப் புடிச்சோம், ஊரு பார்க்குதேன்னு.

ஹஜ்ரத்து ஆரம்பிச்சுட்டாரு. அரபுல ஓடுது, நல்ல குரலு, நமக்கு அங்கங்கே ஒரு வார்த்தை பிடிபடும், மிச்சமெல்லாம் மழை பெய்யற மாதிரி மேல விழுந்து ஓடிரும். தம்பிக்கு மேல கை நீட்டுற தூணுத்தலைக் கல்லு, அந்தப் போதிகையில ஒரு கோடு தெரியுது. போன வெள்ளிக்கிழமை அது இல்ல. இருந்துச்சா? இல்ல. இந்தப் பள்ளியில எந்தக் கல்லுல எந்த வடு இருக்குன்னு எனக்குத் தெரியும், அதுக்குத்தானே ஊரு என்னைத் ‘தூண் காக்கா’ன்னு, தூண் அண்ணன்னு கூப்பிடுது, கிண்டலாத்தான், இருந்துட்டுப் போகட்டும். சென்னையில இருந்து கட்டடக்கலை படிக்கிற பிள்ளைங்க டேப்பும் கேமராவுமா வந்தா என் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நான்தான் சுத்திக் காட்டுவேன். பாருங்கம்மா, தூணு கீழே சதுரம், நடுவுல எட்டுப் பட்டை, அதுக்கு மேல பதினாறு, திரும்பவும் சதுரம், தலையில நாலு பக்கமும் கை நீட்டுற போதிகை, அந்தக் கை நுனியில தலைகீழாத் தொங்குது பாருங்க, வாழைப்பூ மொட்டு. கோயில் மண்டபம் கட்டுன அதே கைதான், அதே உளிதான். உருவம் மட்டும் வேணாம்னு நம்ம ஆளுக சொல்லியிருக்காங்க, சரின்னு அவுங்க பூவும் கொடியும் சங்கிலியுமா செதுக்கித் தள்ளியிருக்காங்க. ஜின்னு ஒரே ராத்திரியில கட்டுச்சுன்னு இங்கே சில பேரு சொல்லுவாங்க, நம்பாதீங்க, ஜின்னுக்கு உளி புடிக்கத் தெரிஞ்சா நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம். பிள்ளைங்க சிரிக்கும். முன்வரிசைத் தூணு ஒண்ணுல ஒரு இலை இருந்துச்சு, நல்லா உத்துப் பார்த்தா அது பாதிவரைக்கும் கிளி. கிளியாச் செதுக்க ஆரம்பிச்ச கை திடுக்குன்னு ஞாபகம் வந்து, இறக்கையை இலையா மாத்தி, மூக்கைக் காம்பா இழுத்து விட்டிருக்கு. எந்தப் புண்ணியவானோ. அந்தத் தூணு இப்போ எங்கே கிடக்கு தெரியுமா? ஹவுதுத் தொட்டி ஓரத்துல, கை கால் கழுவி ஒளு செய்ய வர்றவங்க செருப்பை வைக்கிற கல்லா.

ரெண்டே ரெண்டு தூணு. அதுக்குத்தான் அவ்வளவு பேச்சும். தூணு நடுவுல வந்தா ஸஃப்பு உடையுதாம், தோளுக்குத் தோள் சேர்ந்து நிக்கிற வரிசைக்கு நடுவுல கல்லு நிக்குதாம், வரிசை உடைஞ்சா தொழுகையில நன்மை குறையுதாம். யாரு இல்லைன்னா? ஏட்டுல இருக்கத்தான் செய்யுது. அதுக்காக அறுநூறு வருஷமா இங்கே தொழுதவன் எல்லாம் நன்மை குறைஞ்சா போய்ச் சேர்ந்தான்? தூணை விட்டுட்டுப் பின்னால ஸஃப்பு போட்டாங்க, இடம் இல்லாதவன் முற்றத்துல நின்னான், அவ்வளவுதான். என் தம்பி ஹாங்காங்குல கடையை மூடிட்டு வந்து செயலாளர் ஆனதும் முதல் வரிசை நூல் புடிச்ச மாதிரி இருக்கணும்னுட்டான். எஞ்சினியரு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தான். அவரு மேல பார்த்தாரு, கீழே பார்த்தாரு, ஒரு இரும்பு விட்டத்தைப் பக்கத்துத் தூணுக போதிகை மேல தூக்கி வச்சு, ரெண்டையும் உருவிட்டாரு. உருவுறதுக்கு முன்னாலயே ஜமாஅத்துக் கூட்டத்துல நான் எந்திரிச்சுச் சொன்னேன். கத்தியேதான் சொன்னேன், எனக்கு மெதுவாப் பேச வராது. இந்தக் கட்டடத்துல கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒட்டு ஒண்ணும் கிடையாதுப்பா, பாரம்தான் ஒட்டு, ஒண்ணை உருவுனா அது தாங்குன பாரம் எங்கே போகும், பக்கத்துக் கல்லு தலையிலதானே, அது அதுக்குச் செஞ்ச கல்லு இல்லையேப்பான்னு. அப்போதான் இவன் எந்திரிச்சான். சிரிச்சுக்கிட்டே சொன்னான், ‘எங்க காக்காவுக்கு அல்லா மேல உள்ள ஈமானைவிடத் தூணு மேல ஈமான் ஜாஸ்தி. கல்லைத்தான் கும்புடுறாரு.’ ஊரே சிரிச்சுச்சு. என் கூடப் பொறந்தவன். எங்க உம்மா வயித்துல எனக்குப் பின்னால வந்தவன். அந்த வார்த்தையைச் சொல்லிட்டான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் சோறு திங்கல.

டக். கேட்டுச்சா? விரலைச் சொடக்கு எடுத்தாப்புல. என் பக்கத்துல உள்ள ஹமீதுசா கண்ணை மூடிக்கிட்டு ஆடுறாரு, தூங்குறாரா கேக்குறாரா தெரியல. அந்தப் பக்கம் உள்ளவரு தஸ்பீஹ் மணியை உருட்டுறாரு, அந்தச் சத்தமா இருக்கும். இல்ல. மணி சத்தம் கீழே வரும், இது மேல இருந்து வந்துச்சு. ஹஜ்ரத்து நிறுத்தல. யாருமே மேல பார்க்கல. இப்போ திரும்பவும் விழுது, பாரு, இந்தத் தடவை தொப்பியில இல்ல, தோள்ல, வெள்ளைச் சட்டையில விழுந்ததால யாருக்கும் தெரியல. எனக்குத் தெரியுது. கோடு நீண்டுருச்சு. முன்னால மொட்டுக்கு மேல வந்து நின்னுச்சு, இப்போ மொட்டைத் தாண்டிருச்சு. தாண்டிருச்சா, இல்ல நான் தாண்டணும்னு நினைக்கிறேனா? அடப்பாவி, அப்புடியும் ஒரு ஆசை இருக்கா உனக்கு? இருக்கு. எத்தனை வெள்ளிக்கிழமை இங்கே உக்காந்து அந்த இரும்பைப் பார்த்து, நீ ஒரு நாளைக்குக் காட்டிக்குடுப்படா, ஊரு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கும்டான்னு நினைச்சிருப்பேன். ஆனா காலியா இருக்கும்போதுல்ல நினைச்சேன். ஒருத்தனும் இல்லாத நேரமா, லுஹர் தொழுகைக்கும் அசர் தொழுகைக்கும் நடுவுல. இப்புடிப் பள்ளி நிறைய ஆளு உக்காந்திருக்கையில இல்ல. அவன் கீழே உக்காந்திருக்கையில இல்ல, யா அல்லா, அவனை வச்சுக்கிட்டு இல்ல.

கத்திரலாமா? கத்துனா என்ன ஆகும். ஒண்ணு, எல்லாரும் ‘ஷ்ஷ்’ன்னு திரும்பிப் பார்ப்பாங்க. தூண் காக்கா குத்பாவுலயே சண்டைக்கு எந்திரிச்சுட்டாரு, கிழவனுக்கு மரை கழண்டுருச்சு, கல்லு பேசுதாம் அவருகிட்டன்னு நாளைக்குக் கடைத்தெரு பூரா பேச்சு. அதைக்கூடத் தாங்கிக்கலாம். ரெண்டாவது, நம்பிட்டாங்கன்னா? அதான் பயமா இருக்கு. வெளியே போக ஒரே ஒரு வாசல், குனிஞ்சு போற வாசல், பெரிய மனுசனும் தலை குனிஞ்சு வரணும்னு அந்தக் காலத்துல வச்சது. அதைத் தாண்டுனா ஹவுது, ஆள் உசரத்துக்குத் தண்ணி. பாதிப் பேரு முட்டியைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கிற ஆளுக. கல்லு விழுதுன்னு ஒரு சத்தம் வந்தா கல்லு விழறதுக்கு முன்னால இவுங்களே ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்துருவாங்க. அப்புறம் கல்லும் விழலைன்னு வை, மிதிபட்டுச் செத்தவன் மவுத்து எல்லாம் என் கழுத்துல. வேணாம். முடியட்டும். தொழுதுட்டுப் போகையில அந்த எஞ்சினியருக்குப் போன் போடச் சொல்லலாம், யார்கிட்டயாவது சொல்லிச் சொல்ல வைக்கலாம். தொழுதுட்டு. தொழும்போது…

தொழும்போது மேல உள்ளவுங்க. எப்புடி மறந்தேன்? மாடியில ஆளு இருக்கு. ஸஃப்பு நேரானது பத்தாதுன்னு, ஜும்ஆவுக்குக் கூட்டம் கூடுதுன்னு, பழைய சுண்ணாம்புத் தளத்து மேல காங்கிரீட்டு போட்டுத் தகரக் கொட்டகை போட்டாங்கள்ல. செங்கல்லும் சுண்ணாம்பும் கடுக்காத் தண்ணியும் விட்டு இடிச்ச தளம், கோடையிலயும் கீழே குளுகுளுன்னு வச்சிருந்த தளம், அது மேல ஒரு லோடு காங்கிரீட்டு, அது மேல நம்ம பிள்ளைங்க எல்லாம். இப்போ சும்மா உக்காந்திருக்காங்க. தொழுகைக்கு இகாமத்து சொன்னதும் எல்லாரும் ஒண்ணா எந்திரிப்பாங்க. ருகூவுக்குக் குனிவாங்க. அப்புறம் ஸஜ்தா, அத்தனை முட்டியும் அத்தனை கையும் ஒரே நேரத்துல தரையில இறங்கும், இமாமைப் பின்பற்றித்தானே, ஒருத்தன் முன்ன ஒருத்தன் பின்ன போகக் கூடாதே. நம்ம தொழுகையோட அழகே அதுதானே. முதுகுக்குப் பின்னால தூணு எப்பவும் போலத்தான் இருக்கு, இது நல்ல தூணு, இது நிக்கும், நான் பிழைச்சுக்குவேன். அந்த நினைப்பு எவ்வளவு சீக்கிரமா வந்துச்சு பாரு, வெக்கங்கெட்ட நினைப்பு.

மதரஸாவுல ஓதிக் குடுத்திருக்காங்க. குத்பா நேரமா இருந்தாலும் குருடன் ஒருத்தன் கிணத்துல விழப்போறதைப் பார்த்தா வாயைத் திறந்து சொல்லணும், தேள் ஒருத்தன் மேல ஏறுறதைப் பார்த்தா சொல்லணும், அங்கே சும்மா இருக்கறதுதான் குத்தம்னு. அன்னைக்கு நாங்க சிரிச்சோம், பள்ளிக்குள்ள கிணறு எங்கே இருக்குன்னு. சட்டம் தெளிவா இருக்கு. தேள்தான் தெளிவாத் தெரியல. இது தேளா, தேள் மாதிரிக் கிடக்குற நூலா? சரி, ஒரு வழி இருக்கு. ரெண்டு குத்பாவுக்கு நடுவுல ஹஜ்ரத்து கொஞ்சம் உக்காருவாரு. அப்போ அமைதியா எந்திரிச்சு, முன்னால போயி, மோதினார் காதுல சொல்லிரலாம். சத்தம் இல்ல, ஓட்டம் இல்ல, வீண்பேச்சும் இல்ல. ஆமா, அதுதான் சரி. இவ்வளவு நேரம் இது தோணலையே. ஹஜ்ரத்து எப்போ உக்காருவாரு. நீட்டுறாரு. இன்னைக்குன்னு பார்த்து நீட்டுறாரு. அவரு குரல்ல ஒரு இறக்கம் வரும், அது வந்தா முடிக்கப் போறாருன்னு அர்த்தம், வருது, வந்துருச்சு, உக்காந்துட்டாரு. எந்திரி. எந்திரிடா கலந்தர். மோதினார் ஸலவாத்தை ஓங்கி ஓதுறாரு, எல்லாரும் கையேந்துறாங்க, நானும் ஏந்திட்டேன், பழக்க தோஷம், கையேந்துனவன் எப்புடி எந்திரிக்க, என்னன்னு கேட்டேன், யா அல்லா அவனைக் காப்பாத்துன்னு கேட்டேன், அவ்வளவுதான் கேட்டேன், அதுக்குள்ள ஹஜ்ரத்து எந்திரிச்சு ரெண்டாவது குத்பாவை ஆரம்பிச்சுட்டாரு. போச்சு. அவ்வளவு நேரம் காத்திருந்து, வந்த நேரத்தைக் கையை விரிச்சே விட்டுட்டேன்.

ரெண்டாவது குத்பா சின்னது. துஆவுக்கு வந்துருவாரு, துஆ முடிஞ்சா இகாமத்து. பிஸ்தாமி தலையைத் தூக்குறான். மேல பார்க்குறான். பார்த்தானா? பார்த்தான். நேரா அந்தப் போதிகையைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தெரிஞ்சுருச்சு அவனுக்கு, அல்ஹம்து லில்லாஹ், இப்போ எந்திரிப்பான், செயலாளர் சொன்னா ஊரு கேக்கும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்ல. எந்திரிக்கல. ஏன் எந்திரிக்கல? பக்கத்துல உள்ளவரு கொஞ்சம் நெருங்கி உக்காரப் பார்த்தாரு, இவன் முழங்கையால மெதுவா அந்தப் பக்கம் தள்ளி விட்டான். ஆமீன், ஆமீன்னு பள்ளி பூரா முனகுது. டக். இந்தத் தடவை ஹமீதுசா கண்ணைத் திறந்துட்டாரு. மொட்டோட நுனி, ஒரு இதழு, கையகலம் இருக்கும், மிம்பருக்கும் அவனுக்கும் நடுவுல விழுந்து பாய் மேல கிடக்குது.

‘பிஸ்தாமி! எந்திரிடா! மேல பாருடா!’ என் குரல்தான். நான்தான் நிக்கிறேன். பின்னால இருந்து எவனோ ‘குத்பா நடக்குது, உக்காருங்க காக்கா’ங்கிறான், அவன் மட்டும் பேசலாமாக்கும். ‘உக்கார மாட்டேன். கல்லு உடைஞ்சிருக்கு. ஓடாதீங்க, ஆனா எந்திரிங்க!’ ஹஜ்ரத்து நிறுத்திட்டாரு. பாயில கிடக்கிற கல்லைப் பார்த்தாரு, மேல பார்த்தாரு. அந்த மனுசனை அல்லா நல்லா வைக்கணும், ஒரு வார்த்தை கேக்கல. மைக்குலயே தமிழ்ல சொன்னாரு, ‘பின்வரிசையில உள்ளவுங்க முதல்ல போங்க. பெரியவுங்களைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. அவசரப்படாதீங்க, ஜும்ஆ எங்கேயும் போயிராது.’ வாரா வாரம் கேட்டுப் பழகுன குரலு, அதனால கேட்டாங்க. குனிஞ்சு குனிஞ்சு வாசல் வழியாப் போறாங்க, ஹவுது ஓரமாப் போறாங்க, ஒருத்தனும் தள்ளல. மோதினார் மாடியில உள்ளவுங்களை இறக்கறதுக்குப் படியில ஓடுறாரு. நான் ஆளுகளுக்கு எதிரா நடந்து முன்னால போறேன், எல்லாரும் வெளியே வர நான் மட்டும் உள்ளே, ஒருத்தர் என் கையைப் புடிச்சு இழுத்தாரு, உதறிட்டேன். முதல் வரிசை காலி. அவன் மட்டும் உக்காந்திருக்கான், நூல் புடிச்ச மாதிரி நேரா.

‘எந்திரிடா.’ என்னை நிமிர்ந்து பார்த்தான். இமையில மண்ணு. அவனுக்கும் வயசாயிருச்சு, பக்கத்துல பார்த்தாத்தான் தெரியுது. ‘நீங்க போங்க காக்கா.’ ‘எந்திரிடாங்கிறேன்.’ ‘நேத்தே தெரியும் காக்கா. நேத்து அசருக்குப் பொறவு விளக்கைப் புடிச்சுப் பார்த்தேன். விரல் போற அளவுக்குப் பொளந்து கிடந்துச்சு.’ எனக்கு விளங்கல. காது கேக்குது, விளங்கல. நேத்தே தெரியும்னா, தெரிஞ்சே பள்ளியைத் திறந்து விட்டானா, தெரிஞ்சே ஊரை உள்ளே உக்கார வச்சானா, மாடியில பாய் விரிக்கச் சொன்னானா. ‘பாவி! சொல்ல வேண்டியதுதானேடா!’ சின்னப் பிள்ளையில எதையாவது உடைச்சுட்டு வந்து நிக்கிற முகம். ‘சொன்னா நீங்க சொன்னது சரின்னு ஆயிருமே காக்கா,’ன்னான். ‘இன்னைக்கு ஒரு ஜும்ஆ தாங்கும்னு நினைச்சேன். தாங்கலைன்னா என் தலையில முதல்ல விழட்டும்னுதான் இங்கே உக்காந்தேன்.’ சரின்னு ஆயிருச்சுடா. எல்லாரும் பார்த்தாச்சு, ஊரு நாளைக்கு என் வாசல்ல வந்து நிக்கும், நான் கேட்ட மாதிரியே. அவன் கக்கத்துல கையைக் கொடுத்துத் தூக்குனேன். ‘கால் வரமாட்டேங்குது காக்கா,’ங்கிறான். பாரமா இருக்கான், எனக்கும் இடுப்புல தெம்பு இல்ல. மாடிப்படியில ஆளு இறங்குற சத்தம் இன்னும் நிக்கல. நான் திரும்பத் தூக்குறேன்.